அறுபத்து நாலாவது பெஞ்சு

பல் செட் செய்யும் லேபில் எல்லோரும் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் வாய்க்கெல்லாம் பல் கட்டிக் கொடுத்தவள், தன் வாயை மட்டும் கட்டத் தெரியாதவள். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வாக்கியம். அதற்கு நாலு வருஷமாக அனுபவித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாக்கியம் போய்ச் சேர்ந்தது அவள் தங்கைக்கு. வீட்டில் தங்கைக்குச் சின்னவள் என்று பேர். முப்பத்தாறு வயதிலும் அதே பேர்தான். அம்மாவும் அப்பாவும் போன பிறகு பல்லக்கா, அவள் வீட்டுக்காரர், சின்னவள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஆறு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊரில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது என்று சின்னவள் சொன்ன அன்று, சந்தோஷப்பட வேண்டிய அக்கா வானத்துக்கும் பூமிக்கும் குதித்தாள்.

"போறதுன்னா போ. அப்புறம் அக்கான்னு என் முன்னாடி வந்து நிக்காதே."

சின்னவள் மட்டும் லேசுப்பட்டவளா? "நீயா கூப்பிடுற வரைக்கும் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினாள். ஊரைவிட்டுப் போன அந்த மாதமே போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். பல்லக்கா தேடிப் பிடித்துக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் கூப்பிடவில்லை. அவள் முதலில் இறங்கி வரட்டும் என்று இருந்துவிட்டாள்.

இருவருக்கும் பொதுவாக மிஞ்சியது ஒரே ஒரு பொருள்: 'உட்கார இடம்' என்ற இணையதளம். ஊரில் இருக்கும் பொது பெஞ்சுகளைப் பற்றிய தளம். சிரிக்க வேண்டாம், உலகத்தில் இதைவிட உதவாத தளங்கள் எத்தனையோ இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவும் தங்கையும் நடந்து போய், எங்காவது ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து அந்தப் பெஞ்சைப் பற்றிப் படத்தோடு எழுதுவார்கள். எங்கே இருக்கிறது, எத்தனை பேர் உட்காரலாம், நிழல் எப்போது விழும், பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்து தொணதொணப்பார். இப்படி அறுபத்து மூன்று பெஞ்சுகள்.

தளத்தைக் கட்டியவள் சின்னவள். எழுதிய கோப்புகளை ஒரு நிரலுக்குள் விட்டால், அது அவற்றுக்குத் தீம் என்ற சட்டையை மாட்டி, பக்கம் பக்கமாக வெளியே தள்ளும். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் நாலைந்து வரிகள் இருக்கும்: தேதி, இடம், இருக்கை எத்தனை, அப்புறம் இது வரைவா இல்லையா. புதுக் கோப்பு எதுவும் வரைவாகத்தான் பிறக்கும். வரைவாக இருக்கும்வரை தளத்தில் வராது. சின்னவள் எழுதி வைப்பாள். பல்லக்கா படித்துப் பார்த்து, பிழை திருத்தி, அந்த வரியில் 'ஆம்' என்று இருப்பதை 'இல்லை' என்று மாற்றுவாள். அதன் பிறகுதான் பெஞ்சு உலகத்துக்குத் தெரியும். அறுபத்து மூன்று முறையும் அந்த வரியை மாற்றியது பல்லக்காவின் கைதான்.

சின்னவள் போன பிறகு அந்தக் கோப்புகளின் பக்கமே அவள் போகவில்லை. லேப்டாப்பை அலமாரியின் உச்சியில், பழைய போர்வைக்கு அடியில் தள்ளிவிட்டாள். ஆனால் தினமும் லேபுக்குப் போகும் பஸ்ஸில், போனில் தளத்தைத் திறந்து பார்ப்பாள். சின்னவளுக்கு ஏதாவது சொல்லத் தோன்றினால் இங்கேதான் சொல்வாள் என்று ஒரு நப்பாசை. கட்டியவளுக்கு ஒரு வரியை மாற்றத் தெரியாதா என்ன? முதல் பக்கத்தில் 'பெஞ்சுகள்: 63' என்றே இருக்கும். போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஜன்னல் வழியே வெறித்துக்கொண்டு போவாள். இது நாலு வருஷம் நடந்தது.

அப்படி இருக்கும்போதுதான் மின்னஞ்சல் வந்தது. தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் நிறுவனம் நிரலின் பழைய பதிப்பை மாதக் கடைசியோடு நிறுத்துகிறதாம். புதிய பதிப்புக்கு அந்தப் பழைய தீம் ஒத்துவராதாம். மாற்றாவிட்டால் தளம் திறக்காது.

பல்லக்கா அதை மறுபடியும் படித்தாள். பெஞ்சு போனால் போகட்டும். சின்னவள் என்றாவது ஒருநாள் எட்டிப் பார்க்க நினைத்தால், பார்க்க ஒரு வாசல் வேண்டாமா? போர்வைக்கு அடியிலிருந்து லேப்டாப் இறங்கியது.

சனிக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையில் கடை விரித்தாள். இணையத்தில் இருவரும் கோப்புகளைப் போட்டு வைக்கும் பொதுக் கிடங்கிலிருந்து தளத்தின் கோப்புகளை எல்லாம் ஒருசேர இறக்கினாள். ஒரு புதிய தீமைத் தேர்ந்தெடுத்து, அதன் கோப்புறையை உரிய இடத்தில் வைத்து, அமைப்புக் கோப்பில் பழைய தீமின் பெயரை அழித்துப் புதியதை எழுதினாள். வேலை அவ்வளவுதான் என்று வழிகாட்டிப் பக்கம் சத்தியம் செய்தது. திரையில் பிழை சொல்லும் பதினோரு சிவப்பு வரிகள் வந்து நின்றன.

"என்ன, பல்லு முளைச்சிருச்சா?" என்றார் வீட்டுக்காரர். அவர் பஸ் டிரைவர்; அன்று அவருக்கு மதிய ஷிஃப்ட்.

"ஈறே இன்னும் சரியா உக்காரல. பேசாம போங்க."

ஒவ்வொரு சிவப்பு வரியாகப் படித்து, ஒவ்வொன்றாகத் தீர்த்தாள். பின்னணி வெள்ளை அவளுக்குப் பிடிக்கவில்லை. பல்லில் பதினாறு வெள்ளை பிரித்துப் பார்க்கிறவளிடம் கண்ணைக் குத்தும் வெள்ளையைக் காட்டினால் விடுவாளா? தீமின் கோப்புகளுக்குள்ளேயே நுழைந்து, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, லேசாகப் பழுப்பு ஏறிய ஒரு வெள்ளையைக் கொண்டுவந்தாள். பிறகு தீமுக்கு ஏதோ புதிய திருத்தம் வந்திருக்கிறது என்று கண்டு, அதை இறக்கிப் பழையதன் மேலேயே போட்டாள். அவ்வளவு நேரம் செய்ததெல்லாம் அழிந்து, கண்ணைக் குத்தும் வெள்ளை திரும்பி வந்து பல்லை இளித்தது.

"தீமுக்குள்ள கை வைக்கக் கூடாது அக்கா. அதுல இருக்கிற கோப்பை நம்ம கோப்புறைக்குக் காப்பி எடுத்து, நம்ம காப்பியில மாத்தணும். நம்மளுதுதான் ஜெயிக்கும்." சின்னவள் இதை எத்தனையோ முறை சொல்லியிருந்தாள். அப்போது காதில் விழுந்ததோடு சரி. இப்போது அந்தக் குரல் மேஜைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து சொல்வதுபோலவே கேட்டது. பல்லக்கா நிமிர்ந்து பார்த்தாள். நாற்காலியில் வீட்டுக்காரரின் சீருடைச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்து அந்தக் கட்டங்கள். பழைய தீமில் சின்னவள் ஒரு விளையாட்டு செய்து வைத்திருந்தாள்: மூன்று பேர் உட்காரும் பெஞ்சு என்றால் தலைப்புக்குக் கீழே மூன்று சின்னப் பழுப்புக் கட்டங்கள், இரண்டு பேர் என்றால் இரண்டு. புதிய தீமுக்கு இந்த விஷயமே தெரியாது. எல்லாம் போனாலும் இது போகக் கூடாது என்று பல்லக்காவுக்குப் பிடிவாதம். பழைய தீமைத் தோண்டி அந்த நாலு வரிகளைக் கண்டுபிடித்து, இந்த முறை ஒழுங்காக வெளியே காப்பி எடுத்து ஒட்டினாள். கட்டங்கள் வந்தன. கொஞ்சம் சரிந்து வந்தன. இருக்கட்டும் என்று விட்டாள்.

முழுத் தளத்தையும் ஒருமுறை தன் கணினியிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று நினைத்தாள். முன்பெல்லாம் இந்த வேலையைச் சின்னவள் பார்த்துக்கொள்வாள். அதனால் வழிகாட்டியில் இருந்த கட்டளையை அப்படியே எடுத்துப் போட்டாள். அதன் வாலில் ஒரு சின்னக் கோடும் ஓர் ஆங்கில எழுத்தும் ஒட்டிக்கொண்டிருந்தன. அவை எதற்கு என்று அவள் யோசிக்கவில்லை.

தளம் திறந்தது. படங்கள் வரிசையாக வந்து நின்றன. முதல் படத்தில் ஒரு குளமும் அதைப் பார்த்து ஒரு பெஞ்சும் இருந்தன. பல்லக்கா அந்தப் பெஞ்சைப் பார்த்ததே இல்லை.

தீமோடு வரும் மாதிரிப் படமாக இருக்கும் என்று எரிச்சல் வந்தது. அழித்துவிடலாம் என்று கோப்புறைக்குள் போனாள். ஆனால் அது தீமின் கோப்புறையில் இல்லை, அவர்களுடைய கோப்புறையில், அறுபத்து மூன்றுக்கு அடுத்து இருந்தது. தேதி மூன்று வருஷத்துக்கு முந்தியது, சின்னவள் போய் எட்டாவது மாதம். வரைவு என்ற வரியில் 'ஆம்' என்று இருந்தது. கட்டளையின் வாலில் ஒட்டியிருந்த அந்த எழுத்துதான் வரைவையும் சேர்த்துக் காட்டியிருந்தது.

அழிக்கப்போன விரல் அப்படியே நின்றது. கோப்பைத் திறந்தாள்.

*அறுபத்து நாலு. இது நம்ம ஊரில் இல்லை, என் ஊரில். நூலகத்துக்குப் பின்னால், குளத்தைப் பார்த்து. இருக்கை: இரண்டு. நிழல்: நாலு மணிக்கு மேல். தொணதொணப்பு: இல்லை, அதுதான் குறை. இடது கைப்பிடி ஆடும், அதனால் அந்தப் பக்கம் நான் உட்கார்ந்துகொள்கிறேன். வலது பக்கம் நன்றாக இருக்கிறது. எல்லா ஞாயிறும் நாலு மணிக்கு இங்கே இருப்பேன். அக்கா, நான் பேசினதும் தப்பு, நீ பேசினதும் தப்பு. வந்து பேசாமல் உட்கார்ந்தாலும் போதும். கூப்பிட வேண்டாம், இதை வெளியே விடு. விட்டால் நீ வருகிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.*

பல்லக்கா இரண்டாம் முறை படிக்கும்போது எழுத்துகள் கலங்கிவிட்டன. இத்தனை நாள் பஸ்ஸில் உட்கார்ந்து அறுபத்து மூன்றையே முறைத்துக்கொண்டு வந்தாளே, அதே அறுபத்து மூன்றை இன்னோர் ஊரில் இன்னொருத்தியும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அறுபத்து நாலாக ஆக்க வேண்டியவள் லேப்டாப்பைப் போர்வைக்கு அடியில் தள்ளிவிட்டு ரோஷத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்காரர் சட்டையை எடுக்க வந்தவர், அவள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் நிதானமாகப் படித்தார்.

"அவ நம்பர் யார்கிட்ட கேக்கிறதுன்னு கூடத் தெரியலையேங்க."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "என்கிட்ட இருக்கு."

"என்னது?"

"வருஷத்துக்கு ஒரு தடவை பேசுவேன். உன்னைப் பத்தி எடுத்தா வச்சிருவேன்னு சொல்லிட்டா. நான் என்ன பண்ண? அப்புறம் திட்டு, இப்பப் பேசு."

திட்டத்தான் வேண்டும், நாலு வருஷத்துக்கும் சேர்த்து வைத்துத் திட்ட வேண்டும். ஆனால் அவர் நீட்டிய போனில் மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது.

"சொல்லுங்க மாமா."

நாலு வருஷமாகக் கேட்காத குரல். பல்லக்கா போனை இரண்டு கையாலும் பிடித்துக் காதில் அழுத்திக்கொண்டாள்.

"மாமா?"

"நான்தான்டி."

போனை வைத்துவிடப் போகிறாள் என்று பயந்து பல்லக்கா கொட்டித் தீர்த்தாள். "குளத்துப் பெஞ்சை இப்பத்தான்டி பாத்தேன். இன்னைக்கு, இந்த நிமிஷம்தான். நீ போனதுல இருந்து நான் அந்தக் கோப்பையெல்லாம் தொடவே இல்லடி. தளத்தைத்தான் தினம் பாத்தேன்."

சின்னவள் சொன்னாள்: "எப்பவும் போல நீ படிச்சிருப்பேன்னு நெனச்சேன். படிச்சிட்டுத்தான் வெளியே விடலைன்னு எடுத்துக்கிட்டேன்."

"நான் அவ்வளவு கல்நெஞ்சக்காரியா?"

"அன்னைக்கு அப்படித்தானேக்கா இருந்த."

பல்லக்கா, "எத்தனை நாள் அந்தப் பெஞ்சுக்குப் போன?" என்று கேட்டாள்.

"ஒன்னரை வருஷம். ஒரு ஞாயிறு விடல. மழையில குடை பிடிச்சிட்டுக்கூடப் போனேன். யாராவது வலது பக்கம் உக்கார வந்தா, ஆள் வராங்கன்னு சொல்லுவேன்."

பல்லக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். யாரையும் உட்காரவிடாமல் தனக்காக இடம் பிடித்து வைத்திருந்த அந்த ஞாயிறுகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பப் போய் நிரப்ப வேண்டும் போல இருந்தது. முடியாது என்பதும் தெரிந்தது.

"நாளைக்கு ஞாயிறுதானே. நாலு மணிக்கு வரேன்."

"பெஞ்சு இல்லக்கா. எடுத்துட்டாங்க. அங்க இப்ப சைக்கிள் நிறுத்துறாங்க. உக்கார இடமில்ல."

"நின்னுக்கலாம்டி. உன் முன்னாடி வந்து நான் நிக்கிறேன்."

பல்லக்கா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வரைவு என்ற அந்த வரிக்குப் போனாள். இல்லாத பெஞ்சைத் தளத்தில் வைக்கக் கூடாது என்பது அவர்களே போட்டுக்கொண்ட விதி. விதி கிடக்கட்டும். 'ஆம்' என்பதை அழித்து 'இல்லை' என்று எழுதி எல்லாவற்றையும் அனுப்பினாள்.

"வச்சிராத. ஒரு நிமிஷம் கழிச்சுத் தளத்தைப் பாரு."

ஒரு நிமிஷம் என்பது மூன்று நிமிஷமானது. வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "காலைல எட்டே முக்கால் வண்டியில ஏறினா சரியா இருக்கும்" என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

"வந்துருச்சுக்கா" என்றாள் சின்னவள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தீம் மாத்திட்டியா? கட்டம் ரெண்டும் ஏன் இப்படிக் கோணிக்கிட்டு நிக்குது?" என்றாள்.

"அது நான் பண்ணது. நாளைக்கு வந்து நீயே சரி பண்ணிக் குடு" என்று சொல்லிவிட்டு, பல்லக்கா மேஜையில் தலையைக் கவிழ்த்து வாய்விட்டு அழுதாள். போனை மட்டும் காதிலிருந்து எடுக்கவில்லை.