குண்டூசியின் முனை

சரியாகப் பதினான்கு நாளாகத் தங்கை அந்த ஒன்பது படங்களை அக்காவிடம் காட்டாமல் வைத்திருந்தாள்.

அதற்கு முன்பெல்லாம் எடுத்த சூட்டோடு ஓடிப்போய்க் காட்டிவிடுவாள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வாரத்துக்கு ஆறு நாள் வேலை, ஞாயிற்றுக்கிழமை கேமரா. பழைய லென்ஸ் ஒன்றைப் பின்புறம் முன்னால் வரும்படி திருப்பி, கறுப்பு டேப் சுற்றிக் கேமராவில் ஒட்டினால் சின்னதெல்லாம் பெரிதாகத் தெரியும் என்று கண்டுகொண்டதிலிருந்து வீட்டில் எதையும் விட்டுவைக்கவில்லை. உப்புக்கல், ஈயின் இறக்கை, பல் துலக்கும் பிரஷின் நார்.

"எறும்புக்கெல்லாம் அடையாள அட்டை போடப்போறியாடி?" என்பாள் அக்கா. கேலி செய்துகொண்டே வந்து உட்கார்ந்து, எடுக்க வேண்டியதை இரண்டு விரலால் பிடித்துக் காட்டுவாள்.

அந்த விரல்களுக்கு ஒரு பெயர் உண்டு. அக்கா குழந்தைகள் வார்டில் நர்ஸ். பிறந்து இரண்டு நாளான சிசுவின் கையில், நூல் கனத்தில் ஓடும் ரத்தக்குழாயில், ஒரே குத்தில் ஊசியை ஏற்றிவிடுவாள். மற்றவர்கள் தவறவிட்டால் டாக்டரே "கைராசிக்காரியைக் கூப்பிடுங்கள்" என்பார். பத்தொன்பது வருஷமாக அதில் மட்டும் அக்காவுக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

திருப்பி ஒட்டிய லென்ஸில் ஒரு தொல்லை. தெளிவாக விழும் இடம் நகத்தின் கனம்கூட இருக்காது. இம்மி நகர்ந்தாலும் கலங்கிவிடும். அந்த ஞாயிறு அக்கா ஒரு குண்டூசியைப் பிடித்திருந்தாள். படம் கலங்கியது. தங்கை தன்மேல்தான் சந்தேகப்பட்டாள். கேமராவைத் தடிப் புத்தகங்களுக்கு நடுவே செருகி, பட்டனைத் தொடாமலிருக்க டைமர் வைத்து மூன்று எடுத்தாள். மூன்றும் கலங்கல். லென்ஸைத் திட்டினாள். அக்காவும் கூடச் சேர்ந்து திட்டிவிட்டு டியூட்டிக்குப் போனாள்.

படித்த படிப்பு சும்மா விடவில்லை. குண்டூசியை அழிரப்பரில் குத்தி மூன்று எடுத்தாள். முனையில் இருந்த துருகூடத் தெரிந்தது. தன் விரலில் பிடித்து மூன்று, லேசாகத்தான் கலங்கியது. அக்கா பிடித்ததில் முனை முனையாகவே இல்லை. பக்கவாட்டில் இழுத்த சின்னக் கோடு. மூன்றிலும் ஒரே திசை, ஏறக்குறைய ஒரே நீளம்.

லென்ஸ் நன்றாகவே இருந்தது.

அதன் பிறகு பார்க்க வேண்டாம் என்றாலும் கண்ணில் பட்டது. அக்கா டீயை அரை டம்ளர்தான் ஊற்றிக்கொண்டாள். அப்பாவுக்கும் கடைசி வருஷங்களில் அரை டம்ளருக்கு மேல் ஊற்றியதில்லை. ஊற்றினால் சட்டையில் சிந்திக்கொள்வார். சொன்னால் அக்காவின் வேலை போகும். சொல்லாவிட்டால் ஏதோ ஒரு குழந்தையின் கை. இரண்டும் கனத்தன. அடுத்த ஞாயிறு பேட்டரி போய்விட்டது என்று பொய் சொல்லிக் கேமராவை அலமாரியில் வைத்தாள்.

அதற்கடுத்த ஞாயிறு அக்காவே கேமராவை எடுத்து வந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து குண்டூசியைப் பிடித்தாள்.

"லென்ஸ் சரியில்லக்கா," என்றாள் தங்கை.

"நல்லாத்தான் இருக்கு. நீ அழிரப்பர்ல குத்தி எடுத்தத நானும் பாத்துட்டேன்."

அக்கா நிதானமாகவே பேசினாள். மூன்று மாதமாக இருக்கிறதாம். களைப்பு என்று நினைத்தாளாம். பிறகு அப்படி நினைக்க முடியவில்லையாம்.

"உனக்கு எதுக்குப் பிடிச்சுக் குடுத்தேன்னு நினைக்கறே? படத்துல விழலேன்னா ஒண்ணுமில்லன்னு இருந்துடலாம்னுதான்."

குண்டூசியின் தலையில் ஜன்னல் வெளிச்சம் விட்டுவிட்டு மின்னியது. அக்கா அதை மேஜையில் வைத்தாள்.

"வெள்ளிக்கிழம ஒரு குழந்தைய நாலு தடவ குத்திட்டேன். அழுது அழுது தொண்ட கட்டிப்போச்சு அதுக்கு. உங்களுக்குக் கைராசின்னு சொன்னாங்களேன்னு அதோட அம்மா கேக்கறா."

தங்கை அவள் கையைப் பிடிக்கப் போனாள். அக்கா விடவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில தலைமை நர்ஸ் முன்னாடி நிக்கணும். வாய் வருமான்னு தெரியல. உங்கிட்ட ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கறேன், குறுக்கே பேசாதே."

தங்கை தலையாட்டினாள். அக்கா சீருடையில் நிற்பதுபோல எழுந்து நின்றாள். இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினாள்.

"என் கை நடுங்குது," என்றாள்.