ஒரு வாரத்துக்கு ஊற்றிய எண்ணெய்

சாவியை ஒரு தடவை திருப்பியதுமே பிக்கப் வண்டி கிளம்பிவிட்டது.

துக்கத்துக்கு வந்தவர்களுக்கு நாற்காலி ஏற்றி வர யாரோ எடுத்தார்கள். மணி பதினொன்று, நல்ல வெயில். உள்ளே கணவனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணி, அந்தச் சத்தம் கேட்டதும் அழுகையை நிறுத்தினாள்.

"இப்பக் கிளம்புது பாரு," என்றாள். "அவரு போனதுக்கு அப்புறம் கிளம்புது."

சின்னவன் சுவரோடு சுவராக நின்றான். செத்தவருக்கு ஒரே தம்பி. சந்தை முனையில் மெக்கானிக் கடை வைத்திருப்பவன். காலையில் நடந்ததை அண்ணி ஒவ்வொருவரிடமும் சொல்லச் சொல்ல, அவன் ஏழெட்டுத் தடவை கேட்டுவிட்டான். ஐந்தரை மணிக்கு அண்ணனுக்கு நெஞ்சுவலி. வெளியே இந்த வருஷத்தின் முதல் உறைபனி. கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றிவிட்டாள். செல்ஃப் அடித்தால் இஞ்சின் முனகியதே தவிரச் சுற்றவில்லை. ஓடிப்போய் மூன்றாவது வீட்டு டாக்சிக்காரரை எழுப்பிக் கூட்டிவர இருபது நிமிடம். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை.

"பேட்டரிதான்," என்றார் டாக்சிக்காரர். "குளிர்ல செத்துடும், வெயில் பட்டா..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நான்தான் காரணம்," என்றாள் அண்ணி. "நேத்து சாயங்காலம் விதை மூட்டையை இறக்கினப்ப வண்டிக்குள்ள லைட்டைப் போட்டேன். அணைக்காம வந்துட்டேன். ராத்திரி பூரா எரிஞ்சிருக்கு. என் கையாலயே அவரை அனுப்பி வச்சுட்டேன்."

அந்தத் துளியூண்டு பல்பு ஒரு ராத்திரியில் பேட்டரியைத் தின்றுவிடாது. சின்னவனுக்கு அது தெரியும். வண்டி ஏன் கிளம்பவில்லை என்பதும் தெரியும்.

கடைக்கு வருகிற ஒவ்வொருவனிடமும் அவன் ஓதுவதுதான். டிராக்டருக்குச் சாதா ஆயில் போதும். பழைய இஞ்சின், பகலில் ஓடுவது, கெட்டியாக இருந்தால்தான் கசியாது. விடியற்காலையில் எடுக்கிற வண்டிக்கு சிந்தெடிக் ஆயில் ஊற்று, பனியிலும் இறுகாது. அண்ணன் மட்டும் பத்து வருஷமாகக் கேட்கவில்லை. "எண்ணெய் எண்ணெய்தான்டா. விக்கிறதுக்குக் கதை விடுற" என்பார்.

இந்த வருஷம்தான் இறங்கி வந்தார். "சரி, உன் ஆசைக்கு வண்டியில அந்த சிந்தெடிக்கையே ஊத்து. டிராக்டரை விட்டுடு, அது என்னை மாதிரி பழைய உடம்பு."

பழைய எண்ணெயை இறக்கிய பிறகு பார்த்தால் கடையில் சிந்தெடிக் இல்லை. வண்டியில் இருந்ததைவிடக் கெட்டியான டிராக்டர் ஆயில்தான் மிச்சம் இருந்தது. "ஒரு வாரம் ஓட்டுங்கண்ணே, டப்பா வந்ததும் மாத்திடுறேன்," என்று அதை ஊற்றிவிட்டான். டப்பா நான்காம் நாளே வந்தது. 'அண்ணன்' என்று சாக்பீஸால் எழுதி அலமாரியில் வைத்தான். அறுவடை நேரம், ஊரான் வண்டியெல்லாம் வரிசையில் நின்றது. சொந்த அண்ணன்தானே, எங்கே போய்விடப் போகிறார்.

அண்ணன் இரண்டு தடவை கேட்டார். இரண்டாம் தடவை சிரித்துக்கொண்டே, "வாத்தியார் பிள்ளை மக்கு, மெக்கானிக் அண்ணன் வண்டி மக்கர், அப்படித்தானே?" என்றார். இவனும் சிரித்தான். வருகிற வாரம் என்றான். அது ஆகிவிட்டது மூன்று வாரம்.

மூன்று மணிக்கு அடக்கம். முன்பக்கம் தோள் கொடுத்தான். இவ்வளவு கனம் இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. திரும்பி வந்து நாலு தடவை அண்ணியின் பக்கத்தில் போனான். நாலு தடவையும் யாராவது இருந்தார்கள். யாரும் இல்லாத ஐந்தாம் தடவை, "ஏதாவது சாப்பிடுங்க அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான். வாயைத் திறக்காவிட்டால் ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. அந்த நினைப்பு வந்தபோது அவனுக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் விடியும்போது மறுபடியும் உறைபனி. அங்கேயே படுத்திருந்த சின்னவன் முற்றத்துக்கு வந்தால், வண்டிக்குள் ஓட்டுகிற இருக்கையில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே உள்விளக்கு எரிந்தது. கையில் சாவி.

"தூக்கம் வரலை," என்றாள். "நேத்து இதே நேரம்."

"சாவியைப் போடுங்க அண்ணி. ஹெட்லைட்டைப் போட்டுட்டு செல்ஃப் அடிங்க."

திருப்பினாள். இஞ்சின் ஒரு முனகல் முனகி நின்றது. அந்த முனகலைக் கேட்டதும் அவள் முகம் கோணியது. முற்றத்துக் கோடியில் இருந்த டிராக்டரின் சக்கரம் வரை வெளிச்சம் பளிச்சென்று விழுந்தது.

"லைட்டைப் பாருங்க. பேட்டரி நல்லாத்தான் இருக்கு."

பானட்டைத் தூக்கி ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக் கம்பியை உருவி, அவள் பக்கத்து ஜன்னலுக்குக் கொண்டுபோனான். நுனியில் திரண்ட சொட்டு விழாமல் தொங்கியது.

"குளிர்ல இப்படி இறுகிப் போனா இஞ்சின் எப்படிச் சுத்தும்? இது டிராக்டர் ஆயில். நான்தான் ஊத்தினேன். ஒரு வாரத்துல மாத்துறேன்னு சொன்னேன். மாத்தலை. உங்க லைட்டால இல்ல அண்ணி, என்னாலதான்."

அண்ணி அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரு கேட்டாரா, மாத்தச் சொல்லி?" என்றாள்.

"ரெண்டு தடவை."

"அந்த டப்பா?"

"கடையில இருக்கு."

அண்ணி ஹெட்லைட்டை அணைத்தாள். உள்விளக்கை அணைத்தாள். இறங்கிக் கதவைச் சாத்தி, அவனைத் தாண்டி வீட்டைப் பார்த்து நடந்தாள்.

படி ஏறப் போனவள் நின்றாள். திரும்பி வந்து, இரண்டு கைகளையும் கண்ணோரம் குவித்து, வண்டிக் கண்ணாடி வழியாக உள்ளே விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள்.