முதுகில் வந்த கடிதங்கள்

1991 தை மாதம் முதல் யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் மாட்டிலையான் என்கிற இரத்தம் குடிக்கும் ஈ ஒருவரைக் கடித்துவிட்டு அடுத்தவரைக் கடித்தால், முதலாமவர் நினைத்தது இரண்டாமவருக்கு விளங்கத் தொடங்கியது. அதே மாதம் மண்ணெண்ணெய் விலையும் ஏறியதால் ஊர் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. தன் பசுவுக்குப் பிறகு கடிபட்ட இளையதம்பி அரை மணித்தியாலம் வைக்கோற்போரை மரியாதையுடன் பார்த்து நின்றார். பசு தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதை மட்டும் அவர் கடைசிவரை சொல்லவில்லை.

நாங்கள் ரியூசனுக்குப் போன ரியூட்டரியில் விலங்கியல் படிப்பித்த கனகசபாபதி மாஸ்டர் விளக்கம் தந்தார். ஆண் பூந்தேன் குடித்துத் திரியும், அதன் இரு கண்களும் உச்சியில் முட்டிக்கொள்ளும், கடிக்கத் தெரியாது. பெண்ணுக்குக் கண்களுக்கிடையே இடைவெளி உண்டு. கத்தி போன்ற வாயுறுப்புகளால் தோலைக் கீறி, ஊறும் இரத்தத்தை நக்கும். பாதியில் தட்டிக் கலைத்தால் பக்கத்து உடம்பில் மிச்சத்தை முடிக்கும். நல்ல வெயிலில், அசைகிற கறுப்பைத் தேடி வரும். சோதனையில் இரண்டு முறை கோட்டை விட்ட எங்களுக்கு முழுதாக விளங்கிய பாடம் இதொன்றுதான்.

எங்களில் அதை முதலில் பயன்படுத்தியவன் செல்வரட்ணம். அவனோடு படித்த அருந்ததிக்குக் கொழும்புக்குப் போக இயக்கத்தின் பாஸ் கிடைத்துவிட்டது, வெள்ளிக்கிழமை பயணம். இரண்டு வருடமாகக் கேட்கத் துணியாததை, கேட்காமலே அவன் அறிய வேண்டியிருந்தது. ஆகவே நாங்கள் இரவல் கொடுத்த கறுத்த சேட்டைப் போட்டுக்கொண்டு, உச்சி வெயிலில் மூன்று நாள் அவளுக்குப் பக்கத்தில் சைக்கிள் ஓடினான். புதன்கிழமை இலையான் அவள் கையில் குந்திக் கடித்தது. அவள் தட்டினாள். அது அவன் பிடரியில் இறங்கியது. ‘உந்த மாடு எப்ப வாய் திறக்கும், ஓம் எண்டு சொல்ல நான் இன்னும் எத்தனை நாள் நிக்கிறது’ என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது அவனுக்குத் தெளிவாக விளங்கியது. பதறிப்போய் அவனும் தட்டினான். மிச்சத்துக்கு அது அவளிடமே திரும்பும் என்பதை மறந்துபோனான். இரண்டு வருடமும், அதற்குள் எழுதிய பதினேழு கவிதைகளும் ஒரே கடியில் அவளுக்குப் போய்ச் சேர்ந்தன.

அவள் சைக்கிளை நிறுத்திக் கையைச் சொறிந்தாள்.

“உதைச் சொல்ல உமக்கு ஓர் இலையான் வேணுமோ?”

“ஓம்.”

“கவிதை இனி வேண்டாம். உந்தக் கறுத்த சேட்டை மட்டும் கழட்டாதேயும்.”

வெள்ளிக்கிழமை அவள் போனாள். சண்டையால் தபாலுக்கு மூன்று மாதம் எடுத்த காலத்தில், அவள் பாதியில் தட்டிவிட்ட முதல் இலையான் கொழும்பிலிருந்து பதினொரு நாளில் வந்தது. அவனும் பாதியில் தட்டிவிடுவான், மிச்சத்தை முடிக்க அது அவளிடம் திரும்பும். அடுத்த நான்கு வருடமும் செல்வரட்ணம் மத்தியானங்களில் சந்தியில் கறுத்த சேட்டோடு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். சந்தைக்குப் போகும் இளையதம்பி சைக்கிளை நிறுத்தாமலே கேட்பார்.

“தம்பி, கடிதம் வந்ததோ?”

“ஓம் அண்ணை. இடது தோளிலை, ரெண்டு பக்கம்.”