சுல்தானின் ஆறாவது பல்

நாய் என்றாலே எனக்குக் கதிகலங்கும். கோட்டைக்குள் எங்கள் அக்ரஹாரத்தில் ஒரு சொறிநாய் எதிரே வந்தால்கூட அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போகிறவன் நான். அப்பேர்ப்பட்ட பஞ்சாபகேசன் கையில், முப்பத்தாறாம் வருஷம் திருவனந்தபுரத்தில் நாய்க் கண்காட்சி நடந்த மைதானத்தில், கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு அல்சேஷன் நாயின் சங்கிலி இருந்தது. தன்வினை தன்னைச் சுடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

நாய் எங்கள் இன்ஜினீயர் மெர்டன் துரையுடையது. பெயர் சுல்தான். முந்தின வருஷம் துரை லீவில் சீமைக்குப் போயிருந்தபோது, ஒரு வரைபடத்தை எடுத்து வர அவர் பங்களாவுக்குப் போனேன். தெருநாய்க்குப் பயந்து ஆபீசில் கோடு போடும் ரூல்தடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே நடப்பது என் வழக்கம். பால்பல் விழுந்து முளைத்தும் குட்டித்தனம் போகாத சுல்தான் விளையாட ஓடி வந்தது. கடிக்கத்தான் வருகிறது என்று நினைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஓங்கிப் போட்டேன். கண்ணைத் திறந்தால் நாய் அலறிக்கொண்டு ஓடுகிறது. என் காலடியில் ரத்தத்தோடு ஒரு பல்.

யாரும் பார்க்கவில்லை. நாயைப் பார்த்துக்கொள்ளும் ஆளும் அன்று ஊரில் இல்லை. ஆனாலும் துரை வீட்டு நாயின் பல்லைத் தரையில் விட்டுவர எனக்குத் தைரியம் வரவில்லை. காலியான பொடி டப்பிக்குள் போட்டு மடியில் செருகிக்கொண்டேன். அப்புறம் அது மடியை விட்டு இறங்கவே இல்லை. வீட்டில் வைத்தால் என் மனைவி நாகலக்ஷ்மி கண்ணில் படும். வெளியே எறிந்தால் யார் கண்ணில் படுமோ!

அன்றிலிருந்து என்னைக் கண்டாலே சுல்தான் வாலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஊர் திரும்பிய துரை அதைப் பார்த்துவிட்டு, மிருகங்களை வசப்படுத்தும் வித்தை எனக்குத் தெரியும் என்று முடிவு கட்டிவிட்டார். அதற்கு என்னிடம் பயம், எனக்கு அதனிடம் பயம். துரை கண்ணுக்கு அது பாசமாகத் தெரிந்தது. ஆகவே, நாயைப் பார்த்துக்கொள்ளும் சத்தியநேசன் குளிர்காய்ச்சலில் விழுந்ததும், கண்காட்சிக்கு நாயைப் பிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

"நாயைத் தொட்டுண்டு வாசல் வழியா வரப்படாது, கேட்டேளா? கொல்லைக் கிணத்தடியில ஸ்நானம் பண்ணிட்டுதான் உள்ள வரணும்" என்றாள் நாகலக்ஷ்மி. மைதானத்துக்கு வந்து சேரும்வரை அதுதான் எனக்குப் பெரிய கவலை.

மைதானத்து வாசலில் சத்தியநேசன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கி நின்றான். சுல்தானைப் பிள்ளை மாதிரி வளர்த்தவன்.

"சாமி, இதுக்கு மேல்வரிசை முன்பல்லு ஆறு வேணும். அஞ்சுதான் இருக்கு. நேத்துதான் தொரை எண்ணிப் பாத்தாரு. பொறவியிலேயே உள்ள கொறைன்னு ஜட்ஜு சொல்லிட்டா ரெத்தமே கோளாறாக்கும்னு, இன்னைக்கே சுட்டுப் போடுவாராம். தொரை சொன்னா செய்வாரு, கேட்டியளா." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அடிபட்டுப் போன பல்லுன்னா குத்தமில்லையாம். ஆனா நான் அறிய இதுக்கு ஒரு அடியும் பட்டதில்ல, சாமி."

மடியிலிருந்த டப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சொன்னால் வேலை போகும். போலீசில் பிடித்துக் கொடுத்தாலும் கொடுப்பார். சொல்லாவிட்டால் இந்த நாய் சாயங்காலம் பார்க்காது. பழவங்காடிப் பிள்ளையாரே, இவர்கள் பல்லை எண்ணாமல் விட்டால் உனக்கு இருபத்தொரு தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வேறு என்ன செய்ய? கோழை செய்வதைத்தான் செய்தேன்.

மதராசிலிருந்து வந்திருந்த கர்னல்தான் ஜட்ஜ். கையில் பிரம்போடு வரிசையாக வந்தார். சுல்தானின் காலைத் தடவினார், முதுகைத் தடவினார், உதட்டைத் தூக்கினார்.

"ஐந்து" என்றார். கயிற்றுக்கு அப்பால் நின்ற துரையைப் பார்த்து, "அடி ஏதாவது பட்டதா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றார் துரை. முகம் கல்லாக இருந்தது.

கர்னல் பென்சிலை எடுத்தார். சுல்தான் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு உடனே தலையைக் குனிந்துகொண்டது.

"பட்டது, சார். நான்தான் அடித்தேன்."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. மடியிலிருந்து டப்பியை எடுத்து நீட்டினேன். கர்னல் பல்லை உள்ளங்கையில் கொட்டினார். பொடி ஏறி இரண்டு தும்மல் போட்டார். கூட்டம் சிரித்தது.

"எந்த நாயின் பல்லோ! எஜமானுக்காகப் பொய் சொல்லும் குமாஸ்தா" என்று அவரும் சிரித்துக்கொண்டே காகிதத்தில் பென்சிலை வைத்தார்.

அவர் கக்கத்தில் இடுக்கியிருந்த பிரம்பைப் பிடுங்கினேன். அன்றைக்குப் போலவே நாயின் மேல் கையை ஓங்கினேன்.

சுல்தான் பொத்தென்று தரையோடு தரையாகப் படுத்தது. வயிற்றுக்குக் கீழே புல் நனைந்தது. பல் போன பக்கத்தை முன்காலால் மறைத்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடி, சத்தம் வராமல் நடுங்கியது.

சிரிப்பு நின்றுவிட்டது. கர்னல் எழுதியதை அடித்தார். "அடிபட்ட பல்தான். பிறவிக் குறை இல்லை" என்றார். சத்தியநேசன் கம்பளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். துரை நாயைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நாளை முதல் ஆபீசுக்கு வராதே என்றார். அது பாதிதான் என் காதில் விழுந்தது.

என் கை இன்னும் மேலேதான் இருந்தது. இறக்க மறந்து நின்றேன். கீழே சுல்தான் கண்ணைத் திறக்காமல் அடிக்காகக் காத்திருந்தது.