எஞ்சினுக்கு ஒரு குப்பி மருந்து

தோவாளைப் பூச்சந்தையில் ஒருவன் "இன்னைக்கு கேந்தி அருமையா வந்திருக்கு" என்றால், அது நேற்றுப் பறித்த செண்டுப்பூ. "சுமார்தான்" என்றால் நல்ல பூ. "வாங்காதேயும்வே, சரியில்ல" என்று ஒருவன் கையைப் பிடித்துத் தடுத்தால், மறுபேச்சில்லாமல் மொத்தத்தையும் தூக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து நிமிடத்தில் தடுத்தவனே தூக்கிவிடுவான். இந்தப் பாடத்தை முப்பது வருடம் படித்துத் தேறியவன் கோலப்பன். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று பெண்டாட்டி சொன்னாலும், ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்த பிறகுதான் சோற்றில் ஊற்றுவான்.

அப்படிப்பட்ட கோலப்பனைச் சோதிக்காமல் நம்புகிற மனிதர் ஊருலகத்தில் ஒருவர் இருந்தார். பாறசாலை ஹரிகுமார். கேரளத்துப் பூக்கடைகளுக்கு மொத்தமாக எடுப்பவர். தினமும் காலை ஏழு மணிக்கு எல்லையில், களியக்காவிளையில் வந்து நிற்பார். மற்ற வியாபாரிகளின் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடிப்பூவை அள்ளி மோந்து பார்ப்பார். கோலப்பனின் மூட்டை வந்தால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, "கேற்றிக்கோ" என்று நேரே வேனில் ஏற்றச் சொல்வார். பன்னிரண்டு வருடமாக அப்படித்தான். அந்தக் கட்டிய கைதான் கோலப்பனின் சொத்து. அதன் மேல் சந்தையில் எல்லோருக்கும் ஒரு கண். போட்டி வியாபாரி வைகுண்டராஜனுக்கு இரண்டு கண்ணும்.

ஓணம் நெருங்கியது. அத்தம் தொட்டுத் திருவோணம் வரை பத்து நாள்; வருடத்தின் பாதி வியாபாரம் அந்தப் பத்து நாளில்தான். பஸ்ஸில் போட்டால் மூட்டை மேல் மூட்டை அடுக்கிப் பூவைத் துவையலாக்கி விடுவார்கள் என்று, கோலப்பன் தன் பைக்கிலேயே கட்டிக்கொண்டு போவான். பதினான்கு வருடத்துப் பைக். சமீபமாக எஞ்சினுக்குள் யாரோ பாக்கு வெட்டுவது போல ஒரு சத்தம். பின்னால் கொஞ்சம் புகையும்.

வெள்ளமடத்து மெக்கானிக் ஆபேல் காதை வைத்துக் கேட்டான். "அண்ணாச்சி, ஓணம் வரைக்கும் ஒண்ணும் ஆவாது. ஆயிலை மட்டும் மாத்திப் போடுதேன். ஓணம் களிஞ்சு பிரிச்சுப் பாப்போம்."

'அவசரமில்லை என்கிறானே. ஓணத்துக்குப் பிறகு என் கையில் காசு புரளும் என்று கணக்குப் போடுகிறானோ?' என்று கோலப்பன் அன்றிரவெல்லாம் யோசித்தான்.

அந்த வாரம் பார்த்து மச்சினன் முருகதாஸ் ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்தான். அக்காள் அழகியநாயகிக்குச் சேலை, அத்தானுக்கு இரண்டு குப்பி. கறுப்புக் குப்பி, பொன்னிற மூடி, உடம்பெல்லாம் அரபி எழுத்து.

"அத்தான், இது எஞ்சின் ஆயில்ல கலக்குத மருந்து. எங்க கம்பெனி வண்டி அம்புட்டுக்கும் இதான். ஊத்தினா சத்தமே கேக்காது."

"அங்க என்ன வெல?"

"அத்தானுக்குப் போயி வெல சொல்லுவனா?"

அந்தப் பதில்தான் கோலப்பனைக் கலக்கியது. விலை சொல்லாத சரக்கில் என்னவோ இருக்கிறது. குப்பியைத் திறந்து மோந்தான். மல்லிகையில் தண்ணீர் தெளித்தது எப்போது என்று மணி சொல்லும் மூக்கு அது. இப்போது ஒன்றும் சொல்லவில்லை.

"எந்தம்பி தந்ததை இப்பிடி மோந்து மோந்து பாக்கேளே, அவன் என்ன மீனா வாங்கீட்டு வந்திருக்கான்?" என்றாள் அழகியநாயகி.

ஊற்றாவிட்டால் வீட்டில் சண்டை. ஊற்றினால் எஞ்சின் என்னாகுமோ. வியாபாரிக்கு இப்படி ஒரு நெருக்கடி வந்தால் வழி ஒன்றுதான்: முதல் கவளத்தை அடுத்தவன் தட்டில் போட வேண்டும். மறுநாள் சந்தையில் ஒரு குப்பியை வைகுண்டராஜனிடம் நீட்டினான்.

"மச்சினன் கொண்டு வந்தான்வே. ஒண்ணு நீரு வச்சுக்கிடும்."

வைகுண்டராஜன் குப்பியைப் பார்த்தான், கோலப்பனைப் பார்த்தான், மறுபடி குப்பியைப் பார்த்தான். "சும்மாவா?"

"சும்மாதான்."

"ஓம்ம அப்பா செத்த அன்னைக்குகூட நீரு சும்மா ஒரு பூ தரல்லியேவே."

ஆனாலும் வாங்கிக்கொண்டான். ஓசியில் வருவதென்றால் சந்தைக்காரன் பேதி மாத்திரையைக்கூட விடமாட்டான்.

அடுத்த நாலு நாள் கோலப்பன் ஏலத்தைவிட வைகுண்டராஜனின் பைக்கைத்தான் அதிகம் கவனித்தான். முதல் நாள் வண்டி வந்தது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் ஆள் ஆட்டோவில் வந்தான். நாலாம் நாள் வண்டி மறுபடி வந்தது; எண்ணெய் போட்ட கதவு போல, சத்தமே இல்லாமல்.

"என்னவே, மருந்து எப்பிடி?" கோலப்பன் சும்மா கேட்பது போலக் கேட்டான்.

வைகுண்டராஜன் பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தான். "கோலப்பா, சொன்னாக் கேளும். அதை ஓம்ம வண்டியில ஊத்தாதேயும். கிளச் வழுக்கிப் போச்சு. ரெண்டு நாள் வண்டி ஆபேல்கிட்டக் கெடந்து, எண்ணெயும் பிளேட்டும் மாத்தித்தான் எடுத்தேன். இன்னொரு குப்பி இருந்தா தூரத் தூக்கிப் போடும்."

கோலப்பன் தலையை ஆட்டினான். உள்ளுக்குள் அவனுக்குச் சிரிப்பு. வண்டி பூனை மாதிரி ஓடுகிறது. வாயோ ஊற்றாதே என்கிறது. தோளில் வேறு கை. இந்தச் சந்தையில் தோளில் கை விழுந்தால் மடியைத் தடவிப் பார்க்க வேண்டும் என்பது பாலபாடம். சரக்கு நல்ல சரக்கு. அத்தத்தன்று என் வண்டி வழியில் நிற்க வேண்டும், ஹரிகுமாருக்கு முன்னால் இவன் போய் நிற்க வேண்டும். அவ்வளவுதானே?

ஆபேலிடம் விசாரிக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தான். பிளேட்டு விற்கிறவனிடம் போய் பிளேட்டைப் பற்றிக் கேட்பதா?

அத்தத்துக்கு முந்தின சாயங்காலம், குப்பியைக் கடைசிச் சொட்டு வரை எஞ்சினுக்குள் கவிழ்த்தான். அழகியநாயகி முகம் மலர்ந்து இரண்டாவது தடவை டீ போட்டுத் தந்தாள். குப்பியின் மேல் சின்னதாக ஒரு கார் படம் இருந்தது. பார்த்தான். அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று விட்டுவிட்டான்.

காலையில் ஆரஞ்சுக் கேந்தி ஒரு பெரிய மூட்டை, அன்று பறித்தது, அடி முதல் நுனி வரை ஒரே தரம். கட்டிக்கொண்டு கிளம்பினான். பாக்குவெட்டிச் சத்தம் போன இடம் தெரியவில்லை. நாகர்கோவில் தாண்டும்போது மச்சினனை மனசுக்குள் மன்னித்தான். வில்லுக்குறி வந்தபோது வைகுண்டராஜனின் கெட்ட எண்ணத்தை நினைத்து வாய்விட்டே சிரித்தான்.

தக்கலை ஏற்றத்தில் சிரிப்பு நின்றது. முறுக்கினால் எஞ்சின் கத்தியது; வண்டி மட்டும் யோசித்து யோசித்து நகர்ந்தது. பம்மத்தில் மார்த்தாண்டம் மேம்பாலம் ஏறும்போது முழுசாக முறுக்கினான். ஊரைக் கூட்டுகிற சத்தம். பக்கத்தில் ஒரு கிழவர் சைக்கிளை உருட்டிக்கொண்டே அவனைத் தாண்டிப் போனார். பிறகு அதுவும் இல்லை. எஞ்சின் அதுபாட்டுக்கு ஓடியது. சக்கரம் அதுபாட்டுக்கு நின்றது. மணி ஆறரை.

வண்டியைப் பின்னோக்கி உருட்டிப் பாலத்தடியில் நிறுத்தினான். அவன் கை காட்டிய ஆட்டோக்காரர்கள் மூட்டையைப் பார்த்ததும் நிற்காமல் போனார்கள். அப்போதுதான் பின்னால் ஒரு பைக் சத்தமில்லாமல் வந்து நின்றது.

"ஊத்தினீரா?" என்றான் வைகுண்டராஜன்.

கோலப்பன் மூட்டையின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.

"மூட்டையை இங்க வையும். நான் கொண்டு குடுக்கேன்."

"நானும் வாறேன்."

"எடமில்லவே. எனக்க மூட்டை வேற இருக்கு."

"ஓம்ம மூட்டையை முன்னால டாங்க் மேல வையும். எனக்க மூட்டை எனக்க மடியில."

தன் பூவைத் தனியாக இவனிடம் கொடுத்து அனுப்ப அவன் என்ன, நேற்றுச் சந்தைக்கு வந்தவனா? டீக்கடைக்காரரிடம் வண்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினான். பைக் குழித்துறைப் பாலத்தைத் தாண்டியது.

"அது காருக்குள்ளதுவே," என்றான் வைகுண்டராஜன், காற்றுக்கு மேல் கத்தி. "ஆபேல் சொன்னான். காருக்கு கிளச் தனியாக் காய்ஞ்சு கெடக்கும். நம்ம வண்டியில எஞ்சினும் கிளச்சும் ஒரே எண்ணெயிலதான் குளிக்கும். வழுவழுப்பு கூடினா எஞ்சினுக்குச் சொகம், கிளச்சுக்குப் பிடி கெடையாது."

முருகதாஸ் சொன்னது உண்மை. அவன் கம்பெனியில் எல்லாம் கார். ஆபேல் சொன்னதும் உண்மை. கோலப்பனுக்குப் பிடிபடாத விஷயம் வேறு.

"வைகுண்டராஜா, நீரு எதுக்குவே எங்கிட்ட உண்மையைச் சொன்னீரு?"

முதுகு குலுங்கியது. சிரிக்கிறான்.

"பொய் சொன்னா நீரு கண்டுபிடிச்சிருப்பீரே. உண்மையைச் சொன்னாத்தான் நம்ப மாட்டீரு."

விளையாட்டுக்குச் சொல்கிறானா, மெய்யாகவே சொல்கிறானா? முகத்தைப் பார்த்தால் தெரிந்திருக்கும். முன்னால் இருந்தது முதுகு மட்டும்.

ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது களியக்காவிளையில் இறங்கினார்கள். ஹரிகுமார் வேன் பக்கத்தில் நின்றிருந்தார். ஒரு பைக், அதில் முப்பது வருடத்து எதிரிகள் இரண்டு பேர், முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை, அதுவும் அத்தத்தன்று. அவர் கண் மெதுவாகச் சுருங்கியது.

"எந்தா, ரெண்டாளும் கூட்டு சேர்ந்தாச்சா? வெலையும் ஒண்ணாப் பேசி உறப்பிச்சாச்சா?"

"ஐயோ, இல்ல சேட்டா! வண்டி கேடாயிப் போச்சு. மச்சினன் ஒரு மருந்து தந்தான், அது காருக்குள்ள மருந்து. இவரு ஊத்தாதேன்னு சொன்னாரு, அதனால நான் ஊத்தினேன்..."

சொல்லச் சொல்ல அவன் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது. இதே கதையை வேறொருவன் வந்து சொல்லியிருந்தால், அவனும் நம்பியிருக்க மாட்டான். வைகுண்டராஜனைத் திரும்பிப் பார்த்தான். அவன் தன் மூட்டையின் கட்டை வெகு கவனமாக அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, சரி," என்றார் ஹரிகுமார். கட்டியிருந்த கையைப் பிரித்தார். சட்டைக் கையை மடித்து மேலே ஏற்றினார். கோலப்பனின் மூட்டை வாயை விரித்து, முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி கேந்தியை அள்ளி மூக்கருகே கொண்டு போனார்.

பூ நல்ல பூதான்.

"கேற்றிக்கோ," என்றார்.

ஆனால் கை உள்ளே போய்விட்டது. மறுநாளும் போகும்.