வட்டைச் சேறு

குடத்தைச் சாய்த்துத் தண்ணீரை அண்டாவில் ஊற்றிவிட்டு ஆச்சிப்பிள்ளை வேலிப்பக்கம் பார்த்தாள். ஊரே வந்திருந்தது, ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம். முற்றத்து மரவாங்கில் வெள்ளைத் துணிக்குள் அவள் புருசன் கந்தப்போடி தனியாகக் கிடந்தார். உயிரோடிருக்கும்போது அவர் வாய்க்குப் பயந்து எட்டி நின்றவர்கள், மூச்சு நின்றபிறகும் அந்த வாய்க்குப் பயந்துதான் நின்றார்கள்.

மாதக்கணக்கில் காய்ச்சலும் இருமலுமாய் உருகிப்போன மனுசனுக்குக் கசநோய் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. கூடப்பிறந்த தங்கை அன்னப்பூரணிகூட முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலிப் படலைக் கதவோடு நின்றுவிட்டாள். அவள் மகன் கோணாமலைக்குத்தான் ஆச்சிப்பிள்ளையின் ஒரே மகள் இராசாத்தியைப் பேசியிருந்தார்கள். கசம் தொற்றிவிடக்கூடாதென்று இராசாத்தியை முன்னமே தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்திருந்தாள். சம்பந்தத்தை முறிக்கவில்லை. அந்தளவுக்கு நல்லவள்தான்.

"மச்சாள், கோணாமலை வரட்டும். ஆம்பிளப்புள்ள இல்லாத வீடு, மருமகன்தானே தண்ணி வாக்கோணும். ஆனா மூக்கக் கட்டிக்கிட்டுத்தான் கிட்டப் போவான். சொல்லிப்போட்டன்."

"ஓம் மச்சாள்" என்றாள் ஆச்சிப்பிள்ளை.

கசம் இல்லையென்று அந்த ஊரில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

மழை தொடங்குமுன் வாவிக்கு அந்தக் கரையிலிருந்த ஆஸ்பத்திரிக்கு அவரைக் கொண்டுபோயிருந்தாள். டொக்டர் சித்தி நபீஸா இரத்தம் எடுத்தார். அதோடு விடவில்லை, கந்தப்போடி இறங்குகிற வட்டை வயலிலிருந்து ஒரு பிடி சேறும் வேண்டுமென்றார். சேற்றைப் பையில் கட்டிக்கொண்டு போனபோது துறையடிச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் குச்சியால் கிண்டிப் பார்த்தான், முகர்ந்தான், இன்னொருவனையும் கூப்பிட்டான்.

"மண் என்னத்துக்கு?"

"டொக்டருக்கு."

"டொக்டர் வயல் செய்றதா?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டு விட்டார்கள். வெட்கம் கெட்ட யுத்தம், ஒரு பிடி சேறுகூடப் பதில் சொல்லாமல் வாவி தாண்ட முடியவில்லை.

போன கிழமை சோதனை முடிவு கேட்கத் தனியாகப் போனாள்.

"கசம் இல்லம்மா" என்றார் டொக்டர். "இது சேத்தில இருக்கிற கிருமி. நமக்குக் கைரேகை இருக்கிற மாதிரி கிருமிக்கும் உள்ளுக்க ஒரு ரேகை இருக்கு, டிஎன்ஏ எண்டுறது. கொழும்பில ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்காங்க. அவர்ட ரத்தத்தில இருந்த கிருமிக்கும் உங்கட வயல் மண்ணில இருந்ததுக்கும் ஒரே ரேகை. ஆளுக்காள் தொத்துற வருத்தமில்ல. காலில காயம் இருந்தா அதுக்கால உள்ள போகும். நீரிழிவு இருக்கிறவர, இவர மாதிரிச் சீனி வருத்தக்காரரக் கூடுதலாப் புடிக்கும்."

"மருந்து இல்லையா டொக்டர்?"

"ஏன் இல்ல? உடனே கூட்டிட்டு வாங்க. இஞ்ச வச்சுத்தான் ஊசி போடணும்."

அவள் இந்தக் கரைக்கு வந்துசேர்ந்த இரவே ஷெல் விழத் தொடங்கியது. சமாதானம் என்று கொஞ்சக்காலம் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் முடிந்துபோயிருந்தது. அந்தக் கரையில் ஆமி, இந்தக் கரையில் இயக்கம், துறையைப் பூட்டிவிட்டார்கள். தண்ணீருக்கு அப்பால் தென்னைகள் கண்ணுக்குத் தெரிந்தன. மருந்தும் அங்கேதான் இருந்தது.

டொக்டர் சொன்னதைக் கந்தப்போடியிடம் சொன்னாள். அந்த வயல் ஆச்சிப்பிள்ளைக்குத் தாய் கொடுத்த சீதனம். நாளைக்கு இராசாத்திக்கு எழுத வேண்டியதும் அதுதான்.

"ஆருக்கும் சொல்லாதகா" என்றார். "கசம் எண்டா என்னோட போயிரும். மண்ணுக்குப் பேர் கெட்டா அது போகாது. அந்தப் பூமிய விட்டா நம்மட புள்ளைக்கு வேற என்ன கிடக்கு?"

அவர் கையைப் பிடித்துச் சொல்லமாட்டேன் என்றாள். இப்போது அதை நினைக்க அவளுக்கு அழுகையோடு கோபமும் வந்தது. பாவி மனுசன், தான் போய்விட்டான். அவளைத்தான் வாயைக் கட்டி இந்த முற்றத்தில் விட்டுவிட்டான்.

வேலியில் ஆட்கள் விலகினார்கள். கோணாமலை மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"மாமி, வாய்க்கால் உடைஞ்சிட்டுது. மாமாட வயலுக்குத் தண்ணி கட்டிப்போட்டு வாறன். வெள்ளாம அழிஞ்சா இராசாத்திக்கு ஆரு பதில் சொல்றது?"

முழங்கால்வரை சேறு. இடது குதிகாலில் சுற்றியிருந்த துணியும் சேற்றில் ஊறிக் கறுத்திருந்தது.

"காலில என்ன மனே?"

"முந்தநாள் மண்வெட்டி பட்டது. எனக்கும் மாமாட சீனி வருத்தம்தானே, கெதியா ஆறாது."

"டேய், மூக்கக் கட்டுடா!" படலையிலிருந்து அன்னப்பூரணி கத்தினாள். "மூச்சுப் படாம நில்லு!"

அவன் தோள்துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, தண்ணீர் வாங்க இரண்டு கையையும் நீட்டினான். ஆச்சிப்பிள்ளை அண்டாவில் செம்பை அமிழ்த்தி எடுத்தாள். வாங்கைப் பார்த்தாள். பிறகு நிலத்தில் குந்தி, அவன் காலை இழுத்து மடியில் வைத்து, துணியை அவிழ்த்து ஊற்றினாள்.

"மாமி! இது மாமாவுக்கு வச்ச தண்ணி!"

அவள் மறுபடி அள்ளினாள். வேலியோரம் சலசலத்தது. அன்னப்பூரணி பயத்தை மறந்து படலை தாண்டி உள்ளே வந்துவிட்டாள்.

"உங்களுக்கென்ன பைத்தியமா மச்சாள்?"

"உன்ட அண்ணனுக்குக் கசம் இல்ல." ஆச்சிப்பிள்ளை நிமிரவில்லை. "வயல்தான். அந்தச் சேத்திலதான் கிருமி கிடக்கு. டொக்டர் சோதிச்சுச் சொன்னவ. இவன இனி அதுக்குள்ள இறங்க விடாத. இந்தக் காலோட ஒருக்காலும் விடாத."

அன்னப்பூரணியின் முந்தானை மூக்கிலிருந்து நழுவியது. அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. மகனுடைய காலைப் பார்த்தாள், அதைக் கழுவிக்கொண்டிருந்த கையைப் பார்த்தாள். கலியாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமியோடு வந்து வேலிக்கு வெளியே பெண்களோடு நின்ற இராசாத்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

செம்பு அண்டாவின் அடியில் தட்டியது. கடைசித் தண்ணீரை ஊற்றி ஆச்சிப்பிள்ளை விரலால் தேய்த்தாள். குதிகால் வெடிப்புக்குள் சேறு இன்னும் இருந்தது.