வியாழக்கிழமை விசிட்

கொட்டச்சேட்டு எஸ்டேட்டில் விசிட் என்றால் ஒரே அர்த்தம்தான். முதலாளியோ பேங்க்காரரோ காரில் வரப்போகிறார், அதற்குள் பாதையோரத்துப் புல் சாக வேண்டும். கணக்கெழுதும் ரைட்டர் விஜயகுமார் நாளைச் சொல்லிவிட்டுப் போவார். சின்னன் களைக்கொல்லி மருந்து டேங்கை முதுகில் ஏற்றுவார். இருபத்தாறு வருடமாக அவருக்கு அதுதான் வேலை. வார் உராய்ந்து உராய்ந்து இரண்டு தோளும் காய்த்துப்போயிருந்தன.

அவர் மகள் மேனகா விவசாய டிப்ளமோ முடித்திருந்தாள். அதை வைத்துப் பட்டப்படிப்பில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். இடமும் கிடைத்துவிட்டது. கட்டணத்துக்குத்தான் வழியில்லை. டிப்ளமோவிலிருந்து பட்டத்துக்குப் போகிறவர்களில் இயற்கை விவசாயம் செய்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு அறக்கட்டளை உதவித்தொகை கொடுத்தது. மாவட்டத்துக்கு ஒருவர். கடைசியாக நின்ற இரண்டு பேரில் மேனகா ஒருத்தி. நிலத்தை நேரில் வந்து பார்ப்பது மட்டும்தான் பாக்கி.

வாழவந்தியில் அவர்களுக்கு முக்கால் ஏக்கர் சரிவு நிலம் இருந்தது. ராகி, அவரை, ஓரத்தில் காப்பிச் செடி. அதில் மருந்து விழுந்ததே இல்லை. கொள்கையெல்லாம் ஒன்றும் கிடையாது, வாங்க வசதியில்லை. அந்த இல்லாமையைத்தான் மேனகா இரண்டு வருடத்தில் ஒரு வேலையாக மாற்றியிருந்தாள். செடிகளுக்கு நடுவே புல்லை அறுத்து அங்கேயே மண்ணுக்கு மேல் பரப்பினாள். மழைக்கு மண் ஓடாமலிருக்க வரப்போரப் புல்லைத் தொடாமல் விட்டாள். விண்ணப்பத்திலும் அதையே எழுதினாள்: எங்கள் மண்ணை எங்கள் புல் பிடித்து வைத்திருக்கிறது.

சின்னனுக்கு அது கூச்சம். ஊரான் புல்லையெல்லாம் கருக்குகிறவன் வீட்டு வாசலில் முழங்கால் உயரப் புல் நின்றால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா என்று கேட்டார். இருக்கட்டும் என்று மகள் சொன்னாள். படித்த பிள்ளை சொல்கிறாளே என்று விட்டுவிட்டார்.

மாற்றுச் சான்றிதழ் வாங்க மேனகா திங்கட்கிழமை தர்மபுரிப் பக்கம் பழைய கல்லூரிக்குப் போனாள். கையெழுத்துப் போடுகிறவர் புதன்கிழமைவரை லீவு. தோழி வீட்டில் தங்க வேண்டியதாயிற்று. மறுநாள் காலை அறக்கட்டளையிலிருந்து போன் வந்தது. உடனே அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அப்பா, வியாழக்கெழம விசிட் வர்றாங்க. நெலத்தத்தான் பாப்பாங்களாம்."

"விசிட்டா? நீ வெசனப்படாத கண்ணு. அத எங்கிட்ட உட்ரு."

வீடு வாசலைக் கூட்டி வைப்பதைச் சொல்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சின்னன் அரை நாள் லீவு சொன்னார். டேங்கை ரைட்டரிடம் கேட்டு வாங்கினார். மருந்தை மட்டும் கடையில் வாங்கினார், எஸ்டேட்டு மருந்தை எடுத்தால் திருட்டாகிவிடும். இரண்டே நாளில் கருக்குகிற மருந்தாகக் கேட்டு வாங்கினார். அவர் மனைவி பூவாயி வாசலில் நின்று சிரித்தாள்.

"ஏனுங்க, பொண்ணு பாக்கவா வர்றாங்க, இப்புடிப் பறக்கறீங்க?"

"அதவிட நொம்பப் பெருசு இது. தள்ளி நில்லு, மேல படும்."

காப்பி இலையில் ஒரு சொட்டுப் படாமல், வரப்பில் ஒரு புல் மிஞ்சாமல் அடித்தார். முதலாளிக்குக்கூட அவ்வளவு பார்த்து அடித்ததில்லை.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்து மேனகா மேடேறினாள். நெடி வந்தது. அப்பா சட்டையின் நெடி என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள். நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. பழுப்புப் புல் மண்ணோடு படுத்துக் கிடந்தது. அதன் நடுவில் சின்னன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் கீழே ஜீப் வந்து நின்றது.

வந்தவர் பெயர் லூர்துசெல்வி. அறக்கட்டளையில் நிலம் பார்க்கிறவர். வரப்பில் குந்தி, காய்ந்த புல்லைக் கிள்ளி மோந்து பார்த்தார்.

"ஏனுங்க, இது எப்ப அடிச்சீங்க?"

"செவ்வாக்கெழமைங்க மேடம். நீங்க வர்றீங்கன்னுதாங்க. ஒரு புல்லு உடலைங்க."

லூர்துசெல்வி குறிப்பு நோட்டை மூடிவிட்டு மேனகாவைத் தனியே கூப்பிட்டார். மேனகா எல்லாவற்றையும் சொன்னாள். எஸ்டேட்டில் விசிட் என்றால் என்ன என்பதையும் சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டார்.

"எனக்குப் புரியுது சாமி. மூணு வருசமா மருந்து படக்கூடாதுன்னு ரூல். போட்டோ எடுத்துத்தான் அனுப்பணும். நான் எதைப் போட்டோ எடுக்கட்டும், சொல்லு."

 பூவாயி கொடுத்த காப்பியை நின்றபடியே குடித்துவிட்டு லூர்துசெல்வி போனார். ஜீப் வளைவில் மறையும்வரை சின்னன் கைகூப்பி நின்றார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. மார்க் பத்தவில்லையாம் என்று மேனகா சொன்னாள். அம்மாவிடமும் அதையே சொன்னாள்.

ஜூன் மழையில் சரிவு மண் இறங்கி ஓடைக்குப் போனது. ராகி நட்ட இடத்தில் கல் தெரிந்தது. கல்லூரி திறந்தபோது மேனகா ஏற்காட்டில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பூச்சி மருந்து விற்கச் சட்டப்படி விவசாயம் படித்த ஆள் ஒருவர் வேண்டும். அவள் டிப்ளமோவைக் கடைக்காரர் கண்ணாடி போட்டு மாட்டிவைத்தார்.

ஒரு சனிக்கிழமை சின்னன் டேங்குக்கு மருந்து பீய்ச்சும் நாசில் வாங்க அங்கே வந்தார். சுவரில் மகளின் டிப்ளமோவைப் பார்த்துக்கொண்டே நின்றார். எழுத்துத் தெரியாவிட்டாலும் அதில் ஒட்டியிருந்த போட்டோ தெரிந்தது.

"மார்க்கு போனா போவுது கண்ணு. நம்ம பக்கம் ஒரு கொறையும் வெக்கல. அன்னிக்கு அந்தம்மா வரையில புல்லும் பொதருமா இருந்துருந்தா எவ்வளவு கேவலம்?"

மேனகா நாசிலைத் தாளில் சுற்றினாள்.

"ஆமாங்கப்பா" என்றாள்.